பூம்பாறை ரோட்டு இருமல்

பூம்பாறை ரோட்டில், வளைவு முடிந்து ஏற்றம் தொடங்கும் இடத்தில், கார் மறுபடியும் இருமியது.

சிவராமன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காதைக் கூர்மையாக்கினார். ஓர் இருமல், ஒரு விக்கல், பிறகு சைலன்ஸரிலிருந்து ஒரு வெடி. பின்னால் வந்த கேரட் லாரிக்காரர் விடாமல் ஹாரன் அடித்தார்.

“இன்னைக்குமா?” என்றாள் தேவகுமாரி.

அவள் மடியில் சீர்த்தட்டு இருந்தது. அதில் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு, ஒரு சின்னச் சட்டை, வாழைப்பழம், வெற்றிலை. கூக்கால் கிராமத்தில் அவள் தம்பி அருண்பாண்டியனும் அவன் மனைவி லாவண்யாவும் அன்று குழந்தைக்குப் பேர் வைக்கிறார்கள். அத்தைதான் குழந்தையின் காதில் பேரைச் சொல்ல வேண்டும்.

“நானா செய்யிறேன்? மிஸ்ஸிங் அடிக்குது குமாரி.”

“லாவண்யா வளைகாப்புக்குப் போறப்பவும் அடிச்சுச்சு. அவங்க புது வீட்டுக்கு வாசல் நெலை வச்சாங்களே, அன்னைக்கும் அடிச்சுச்சு. போன மாசம் திண்டுக்கல்லுல உங்க அக்கா வீட்டுக்குத் தனியாப் போயிட்டு வந்தீங்களே, அப்ப அடிச்சுச்சா?”

சிவராமன் யோசித்துப் பார்த்தார். அடிக்கவில்லை. அதைச் சொல்லாமல் இருப்பது நல்லது என்று தோன்றியது.

“யாரு வீட்டுக்குப் போறோம்னு காருக்குத் தெரியுது போல” என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இன்னும் இரண்டு வளைவு ஏறிப் பார்த்தார். இருமல் கூடியது. வண்டியைத் திருப்பினார். திரும்பி வரும் வழி முழுக்க கார் ஒரு முறைகூட இருமவில்லை. அந்த நிசப்தம்தான் அவரை அதிகம் வருத்தியது. குற்றவாளிக்கு எதிரான சாட்சி மாதிரி இருந்தது அது.

சிவராமன் வாகன இன்சூரன்ஸ் சர்வேயர். மலையில் எந்த வண்டி எதில் மோதினாலும் கம்பெனிக்காக வந்து பார்த்து, நஷ்டம் நிஜமா, ஜோடித்ததா என்று முடிவு சொல்லுகிறவர். ‘தானா பிரேக் பிடிக்கல சார்’, ‘காட்டுமாடு குறுக்க வந்துருச்சு சார்’ என்பதையெல்லாம் கேட்டுக் கேட்டு, எதையும் நம்பாமலிருப்பது அவருக்கு மூச்சுவிடுவதைப் போல ஆகியிருந்தது. எல்லாரிடமும் ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்பார்: “சாட்சி யாரு?” கொடைக்கானலில் அந்தக் கேள்வியை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுகிற டிரைவர்கள் இருந்தார்கள்.

அந்தக் காரை ஓர் எஸ்டேட் முதலாளியின் மகனிடமிருந்து வாங்கியிருந்தார். சிவப்பு நிறம், துணிக்கூரை, தரையோடு தரையாக ஓடுகிற பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். வீட்டிலும் அவர்கள் இரண்டே பேர் என்பதால் அது போதுமாக இருந்தது. டவுனுக்குள் சுற்ற அவர் ஸ்கூட்டரைத்தான் எடுப்பார். கார், மாலையில் ஏரியைச் சுற்றி வருவதற்கும் விசேஷங்களுக்கும் மட்டும். வாழ்க்கையில் அவர் சந்தேகப்படாமல் நேசித்த ஒரே பொருள் அதுதான்.

இப்போது அதையும் சந்தேகப்பட வேண்டியதாயிற்று.

மறுநாள் காலை நாயுடுபுரத்தில் ஞானவேலுவின் ஷெட்டுக்குக் கொண்டுபோனார். ஞானவேலு பானெட்டைத் திறந்து, எஞ்சினை முறுக்கிப் பார்த்து, தலையைச் சாய்த்துக் கேட்டான். பிறகு தானே ஓட்டினான். சிவராமன் இடப்பக்க சீட்டில் உட்கார்ந்திருந்தார். பூம்பாறை வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்பினார்கள். ஒரு விக்கல்கூட இல்லை.

“வண்டி வெண்ணெய் மாதிரி போகுது சார்.”

“வளைவுல இருமுச்சுன்னு சொல்றேன்.”

“நான் ஓட்டுறப்ப இருமலையே.”

“அப்ப நான் பொய் சொல்றனா?”

“நான் அப்படிச் சொல்லுவனா? அது நீங்க சொல்ற டயலாக்குல்ல.”

சிவராமன் அவனைக் கூர்ந்து பார்த்தார். போன வருஷம் ஞானவேலுவின் மச்சானுடைய ஜீப் பள்ளத்தில் இறங்கியபோது, அது தானாக இறங்கியதல்ல என்று எழுதி அனுப்பியவர் அவர்தான். அன்றிலிருந்து ஞானவேலு அவருக்குப் போடும் கும்பிடில் ஏதோ ஒரு தினுசு இருந்ததாக இப்போது பட்டது.

“வேணும்னா பிளக்கு மாத்திருவோம்” என்றான் ஞானவேலு. “அப்படியே இக்னிஷன் பூராத்தையும் ஒருக்காப் பார்த்துருவோம். வண்டியை நாளைக்கு விட்டுட்டுப் போங்க.”

விட்டுவிட்டுப் போவதா? நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டிவிடுவது எந்தெந்த ஷெட்டில் எப்படி நடக்கும் என்று அவருக்கு மனப்பாடம். அதற்கு அவரிடம் ஒரு வழியும் இருந்தது. பாகங்களில் யாருக்கும் தெரியாமல் ஓர் அடையாளப் புள்ளி வைத்துவிடுவார். வழக்கமாக வைத்திருக்கும் பெயிண்ட் காய்ந்து போயிருந்ததால், காலையில் தேவகுமாரியின் அலமாரியிலிருந்து நெயில் பாலிஷை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக் கார் ஷெட்டுக்குள் புகுந்தார். பிளக்குக்கு ஒரு புள்ளி, காயிலுக்கு ஒரு புள்ளி. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளேயும் ஒன்று. ஒரு சொட்டு உள்ளே வழிந்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று ஏரி ரோட்டில், சுற்றுலாப் பயணிகள் கூட்டத்துக்கு நடுவே, கார் இருமி, விக்கி, வெடித்து, நின்றது. குதிரைக்காரர்கள் சிலர் சேர்ந்து தள்ளினார்கள். ஒரு குடும்பம் காரோடு சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டது. ஒருவழியாக ஷெட்டுக்கு வந்து சேர்ந்ததும் ஞானவேலு மூடியைக் கழற்றினான். உள்ளே குனிந்து பார்த்தான்.

“சார், இது என்னது?”

“எது?”

“பாயிண்டுல மெரூன் கலர்ல ஒட்டிக் கெடக்கே.”

“அது ஒரு அடையாளம்.”

“எதுக்கு அடையாளம்?”

சிவராமன் ஷெட்டின் தகரக் கூரையைப் பார்த்தார்.

“இங்கிட்டுத்தான் தீப்பொறிக்கு உண்டான கரண்டே போகணும். இதுல போய் நெயில் பாலிஷைத் தடவுனா வண்டி எப்படி சார் ஓடும்?” ஞானவேலு துணியால் கையைத் துடைத்துக்கொண்டான். “என்மேல சந்தேகம்னா நேரா கேட்டிருக்கலாம். உங்க வீட்டம்மா பாட்டிலை ஏன் வீணாக்குனீங்க?”

துடைத்துக் கொடுத்தான். பிளக்கை மாற்ற மறுத்துவிட்டான். மத்தியானத்துக்குள் விஷயம் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தது. டீக்கடையில் வேன் டிரைவர் நல்லுசாமி எழுந்து நின்று வணக்கம் வைத்தார். அவருடைய இரண்டு கிளெய்ம்களை சிவராமன் திருப்பி அனுப்பியிருந்தார்.

“சர்வேயர் சார், உங்க கார் தானா நின்னுபோச்சாமே.”

“ஆமா.”

“மாமியார் ஊருக்குப் போற ரோட்டுல மட்டும்தான் நிக்குமாமே.”

“அது வந்து, ஏற்றத்துல…”

“சாட்சி யாரு சார்?”

டீக்கடை மொத்தமும் தலையைக் குனிந்து டீயை ஊதியது.

சிவராமன் அதன்பிறகு எல்லாரையும் சந்தேகப்பட்டார். கார் விற்ற எஸ்டேட் முதலாளி மகனைச் சந்தேகப்பட்டார். பெட்ரோலைச் சந்தேகப்பட்டு, ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஜன்னலோரம் வைத்து இரண்டு நாள் வேடிக்கை பார்த்தார். அதில் தண்ணீர் பிரியவில்லை. தேவகுமாரிக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம். மூடுபனியைச் சந்தேகப்பட்டார். மச்சினன் அருண்பாண்டியனையே சந்தேகப்பட்டார். அவன் ஒரு தடவை, “இந்தக் காரை என்ட்ட தள்ளிவிட்டுருங்க மச்சான்” என்று சிரித்துக்கொண்டே கேட்டிருந்தான்.

அதே அருண்பாண்டியன் அந்த வாரக் கடைசியில் தாம்பூலத்தட்டோடு வீட்டுக்கு வந்தான்.

“அக்கா, வர்ற வெள்ளிக்கிழமை புது வீட்டுல பால் காய்ச்சுறோம். நாத்தனார் கையாலதான் மொத அடுப்புப் பத்தவைக்கணும். லாவண்யா கண்டிசனாச் சொல்லி விட்டிருக்கா.” பிறகு சிவராமன் பக்கம் திரும்பினான். “மச்சான், ஒங்க சோலி எல்லாத்தையும் ஒதுக்கி வச்சிட்டு வெரசா வந்து சேருங்க. கார் கெடக்கட்டும், நடந்தாவது வாங்க.”

“ஏம்ப்பா, நான் வேணும்னேவா பண்றேன்?”

“நான் அப்படிச் சொல்லல மச்சான்.”

இந்த மலையில் யாருமே அப்படிச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அவன் போனதும் தேவகுமாரி செல்போனை எடுத்து, லாவண்யா அனுப்பியிருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். மாடி வீடு. கிரானைட் மேடை. மரம் மாதிரியே தெரிகிற டைல்ஸ்.

“நல்லாயிருக்குல்ல?” என்றாள், தங்கள் வீட்டு சிமெண்டுத் தரையைப் பார்த்தபடி.

“நல்லாத்தான் இருக்கு.”

“எந்தம்பி வீட்டுக்கு நானே போகலைன்னா ஊரு என்ன சொல்லும்? இந்த வாட்டியும் உங்க கார் இருமுச்சுன்னா, சொல்லிட்டேன், நான் எங்க அம்மாகூடவே போய் இருந்துக்குவேன். திரும்பி வரமாட்டேன்.”

கார் இருமினால் அம்மா வீட்டுக்கு எப்படிப் போவாள் என்று அவருக்குள் ஒரு கேள்வி எழுந்தது. கேட்கவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது. இருபது வருஷக் குடும்பத்தில் அவள் இதுவரை இப்படிச் சொன்னதில்லை.

“பேசாம டாக்ஸி சொல்லிரட்டுமா?”

“சொந்தக் கார் வச்சிருக்கையில வாடகை வண்டியில போய் எறங்குறதா? லாவண்யா என்ன நெனைப்பா?”

“பஸ்ஸு?”

“பட்டுச்சேலை கட்டிக்கிட்டா?”

ஆக, கார்தான் போக வேண்டும். அது போகாவிட்டால் இந்த வீட்டில் அவர் தனியாக இருக்க வேண்டியதுதான். சிவராமன் மறுநாள் ஷெட்டுக்குப் போய், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மெக்கானிக்கிடம் மன்னிப்புக் கேட்டார். ஞானவேலு கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டு நின்றான். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

“சரி, சொல்லுங்க. மிஸ்ஸிங் அடிச்ச மூணு வாட்டியும் வண்டியில யாரு இருந்தது?”

“நானும் வீட்டுலயும்.”

“அடிக்காதப்ப?”

“நான் மட்டும். இல்லாட்டி நானும் நீயும்.”

“அப்ப அம்மாவையும் வச்சு ஓட்டிப் பார்க்கணும். ஆனா நான் எங்க உக்கார்றது? ரெண்டு சீட்டுதான இருக்கு.” ஞானவேலு தலையைச் சொறிந்தான். “எடைதான் காரணமோ என்னமோ. வண்டி அந்தப் பக்கம் சாயும்போது எதுவும் உரசலாம். உங்க வீட்டம்மா எத்தனை கிலோ இருப்பாங்க?”

“எதுக்கு?”

“சொல்லுங்க சார்.”

“தெரியாது.”

“கட்டின பொண்டாட்டி எடை தெரியாதா?”

“நீ வந்து கேட்டுப் பாரேன்.”

ஞானவேலு வரவில்லை. பக்கத்துக் காய்கறி மண்டியிலிருந்து ஒரு பெரிய மூட்டை உருளைக்கிழங்கும் ஒரு சின்ன மூட்டையும் கொண்டுவந்தான். பெரியதை இடப்பக்க சீட்டில் உட்காரவைத்தான். சின்னதை அதன்மேல் தலை மாதிரி வைத்தான். சீட் பெல்ட்டையும் போட்டான். சிவராமனை ஓட்டச் சொல்லிவிட்டு அவன் பைக்கில் பின்னாலேயே வந்தான். சர்வேயர் சாக்குமூட்டையோடு ஊர்வலம் போவதை அப்சர்வேட்டரி பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் மரியாதையாகப் பார்த்தார்கள்.

பூம்பாறை ரோட்டில் முதல் வளைவு. ஒன்றுமில்லை. அடுத்தது. ஒன்றுமில்லை. எடை காரணமில்லை என்று சிவராமன் முடிவுகட்டிய நேரத்தில், கொஞ்சம் வேகமாக எடுத்த வளைவில், தலையாக இருந்த மூட்டை உருண்டு, கால் வைக்கிற இடத்தில் பொத்தென்று விழுந்தது.

கார் இருமியது.

சிவராமன் ஓரமாக நிறுத்தினார், எஞ்சினை அணைக்காமல். ஞானவேலு பைக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். மூட்டையைத் தூக்கினான். இருமல் நின்றது. கீழே போட்டான். இருமியது. தூக்கினான், போட்டான், தூக்கினான், போட்டான். இருவரும் நடுரோட்டில் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

மிதியடிக்குக் கீழே ஓர் ஒயர் கிடந்தது. முந்தைய ஓனர் திருட்டுக்குப் பயந்து எஞ்சினிலிருந்து ரகசியமாக ஒரு ஒயரை அங்கே இழுத்து சுவிட்ச் வைத்திருந்திருக்கிறார். சுவிட்ச் போனபிறகு இரண்டு முனையையும் முறுக்கி டேப் சுற்றிவிட்டிருக்கிறார். டேப் நைந்துபோய், அழுத்தினால் முனை விலகியது, விட்டால் சேர்ந்துகொண்டது.

“இப்பப் புரியுது சார்” என்றான் ஞானவேலு. “மலை ரோட்டுல பக்கத்து சீட்டுல உக்கார்றவங்க எல்லாரும் வளைவுல இல்லாத பிரேக்கைப் போட்டு மிதிப்பாங்க. என் சம்சாரமும் அப்படித்தான். உங்க வீட்டம்மா பயந்து மிதிக்க மிதிக்க இங்க கரண்டு கட்டாகியிருக்கு. எறக்கத்துல வண்டி அதுபாட்டுக்குப் போகும், அதனால தெரியல.”

ஷெட்டுக்குத் திரும்பியதும் ஒயரைப் பற்றவைத்து, கால் எட்டாத உயரத்தில் தூக்கிக் கட்டினான். “இனி யானை ஏறி மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது.”

தேவகுமாரி சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். சிவராமன் வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார். “கண்டுபிடிச்சாச்சு குமாரி. எல்லாம் உன் கால்தான்.”

பூண்டு உரித்த கை நின்றது. “காலா?”

“பயத்துல நீ மிதிச்சிருக்கே. அதுக்கு அடியில ஒரு ஒயர் இருந்திருக்கு.”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். “யாரு சொன்னா?”

“ஞானவேலுதான். உனக்குப் பதிலா உருளைக்கிழங்கை உக்கார வச்சுப் பார்த்தோம்.”

“எத்தனை மூட்டை?”

“அதை விடு. உன்மேல தப்பே இல்ல. மலைரோட்டுல எல்லாருக்கும் கால் அப்படித்தான் போகுமாம்.”

அவள் மெதுவாக மூச்சு விட்டாள். “ஆமாங்க. எனக்கு வளைவுன்னாலே பயம். கால் தன்னால மிதிச்சிருது.” கொஞ்சம் கழித்து, “அந்த ஒயரை என்ன பண்ணீங்க?”

“பத்தவச்சு, உயரத்துல கட்டியாச்சு.”

“நல்லாக் கட்டியிருக்கா?”

“நல்லா.”

“திரும்ப அவுந்து விழுந்துராதுல்ல?”

“விழவே விழாது.”

“சரி” என்றாள் தேவகுமாரி. உரித்த பூண்டையே எடுத்து மறுபடி உரிக்க ஆரம்பித்தாள். பாவம், குற்ற உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டார் சிவராமன். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டது போதும் என்று அன்றைக்கே முடிவு செய்தார். நல்லுசாமிக்குக்கூட ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை வெயில் நன்றாக ஏறியபிறகு, இட்லி சாப்பிட்டுவிட்டு இருவரும் கிளம்பினார்கள். பால் காய்ச்ச நல்ல நேரம் ராகு காலம் முடிந்து பன்னிரண்டுக்கு மேல்தான். முதல் வளைவில் தேவகுமாரியின் கால் மிதியடியில் டொப்பென்று இறங்கியது. கார் சீராக ஏறியது.

சிவராமன் சிரித்தார். “மிதி மிதி. பயமா இருந்தா எவ்வளவு வேணாலும் மிதி.”

அவள் மிதித்தாள். அடுத்த வளைவிலும் மிதித்தாள். வளைவே இல்லாத இடத்திலும் மிதித்தாள். கார் பாட்டுப் பாடிக்கொண்டு போயிற்று.

“எனக்குத் தலை சுத்துறாப்புல இருக்குங்க. திரும்பிருவமா?”

“எலுமிச்சம்பழம் கொண்டாந்திருக்கேன். மோந்து பாரு.”

கொஞ்ச தூரம் போனதும், “கேஸை அணைச்சனான்னு சந்தேகமா இருக்கு” என்றாள்.

“நான் பார்த்துட்டேன். அணைச்சிருக்கே.”

பூம்பாறை தாண்டியது. படிக்கட்டு வயல்களில் பூண்டு அறுவடை நடந்துகொண்டிருந்தது. அவள் முந்தானையைப் பிரித்துப் பார்த்து, “இங்க கிழிஞ்சிருக்கு, இதோட எப்படிப் போறது” என்றாள். அவர் எட்டிப் பார்த்தார். கிழிசல் எதுவும் தெரியவில்லை. பிறந்த வீட்டு விசேஷத்துக்கு மூன்று முறை போக முடியாமல் தவித்தவளுக்குச் சந்தோஷத்தில் எதுவும் ஓடவில்லை போலிருக்கிறது என்று எண்ணி, இதமாக அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். கை சில்லென்று இருந்தது.

மன்னவனூர் பிரிவில் தேவகுமாரி மிதிப்பதை நிறுத்திவிட்டாள். கூக்கால் ஏரி கண்ணில் பட்டதும் செல்போனை எடுத்தாள், பார்த்தாள், பைக்குள் போட்டாள்.

புது வீட்டு வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். சிவராமன் ஊருக்கே கேட்கிறமாதிரி ஹாரன் அடித்து, ஒருமுறைகூட இருமாத காரைப் பந்தலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். தலை நிமிர்ந்து இறங்கினார். இனி எந்தச் சாட்சியும் தேவையில்லை.

உள்ளேயிருந்து லாவண்யா தோளில் குழந்தையோடு வந்தாள். இருவரையும் பார்த்து அப்படியே நின்றாள்.

“வாங்கண்ணே. வாங்க மதினி. எப்படி வந்தீங்க? வெள்ளனே, நாங்க எந்திரிச்சு வாசல்ல கோலம்கூடப் போடல, அப்பவே போன் பண்ணி, பூம்பாறை வளைவுல கார் நின்னுபோச்சு, அண்ணன் திருப்பிட்டாருன்னு அந்த அழுகை அழுதீங்களே மதினி?”